சீருடைக்குப் பிறகு வாக்குச்சீட்டு

சாந்தா ஃபே

செப்டம்பர் கடைசியில் நியூ மெக்சிகோ மாநிலத்துக்குள் நுழைந்தால் ஊர் முதலில் மூக்குக்குத்தான் தெரியும். சந்தை முனைகளிலும் மளிகைக்கடை வாசல்களிலும் கம்பிவலை உருளைகளைச் சுழலவிட்டு, அடியில் எரிவாயுத் தீயைச் சீறவிட்டு, பச்சை மிளகாயை மூட்டை மூட்டையாகச் சுடுகிறார்கள். தோல் கருகும் அந்த நெடி தெருவெல்லாம் நிற்கிறது. எந்த உணவகத்தில் உட்கார்ந்தாலும் பரிமாறுபவர் கேட்கும் முதல் கேள்வி, "சிவப்பா, பச்சையா?" எந்த மிளகாய்க் குழம்பு வேண்டும் என்று கேட்கிறார். இரண்டும் வேண்டுமென்றால் "கிறிஸ்துமஸ்" என்று சொல்ல வேண்டும். நம் அம்மிக்கு மிளகாய் வந்து சேர்ந்ததே இந்தக் கண்டத்திலிருந்துதான்.

ஊர் ஏழாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. ஊட்டியும் ஏறக்குறைய இதே உயரம்தான். ஆனால் இங்கே பசுமையும் இல்லை, ஈரமும் இல்லை. மண்ணும் வைக்கோலும் குழைத்துக் கட்டிய சுவர்கள், அதே நிறத்தில் குன்றுகள், மேலே கண் கூசும் நீலம். நகரச் சதுக்கத்தில் ஸ்பானிய ஆளுநர்கள் இருந்த பழைய மாளிகையின் நீண்ட தாழ்வாரத்தில் புவெப்ளோ, நவஹோ மக்கள் துணி விரித்து வெள்ளி நகையும் டர்க்காய்ஸ் கல்லும் விற்கிறார்கள். அந்த வரிசையில் ஒரு பெரியவர் ‘வியட்நாம்’ என்று தைத்த தொப்பி அணிந்திருந்தார். இந்தப் பக்கம் முழுக்க அப்படித்தான். எந்தப் போருக்குப் போனோம் என்பதை வயதான ஆண்கள் பலர் தொப்பியில் எழுதிக்கொண்டு நடக்கிறார்கள். வேலூர்ப் பக்கத்துக்காரனான எனக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை. எங்கள் மாவட்டத்துக் கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே இன்னொரு பெயர் உண்டு. தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர் அது.

"என் மாமா பாட்டானில் இருந்தார்," என்றார் பெரியவர். பிலிப்பைன்ஸின் பாட்டான் தீபகற்பத்தில் 1942 ஏப்ரலில் ஜப்பானியரிடம் சரணடைந்த படையில் நியூ மெக்சிகோவின் 200ஆவது, 515ஆவது கடலோரப் பீரங்கிப் படைப்பிரிவுகள் இருந்தன. இங்கிருந்து போன சுமார் 1,800 பேரில் பாதிப் பேர்தான் திரும்பினார்கள். அவர்களில் புவெப்ளோக்களும் நவஹோக்களும் உண்டு. மாநிலத்தின் பழைய தலைமைக் கட்டிடத்துக்கே பாட்டான் பெயரைச் சூட்டி, வெளியே அணையா விளக்கு ஏற்றி வைத்திருக்கிறார்கள். "மாமா 1945ல் வீடு திரும்பினார். 1948 வரை வாக்குப் போட முடியாது," என்று சொல்லிவிட்டு, பெரியவர் அடுத்து வந்தவருக்கு ஒரு வளையலை எடுத்துக் காட்டினார்.

நான் இந்தப் பயணம் புறப்பட்டதே அந்த 1948ஆம் ஆண்டின் இரண்டு தீர்ப்புகளைத் தேடித்தான். அமெரிக்காவின் பூர்வகுடிகள் அனைவருக்கும் 1924ல் குடியுரிமை கிடைத்துவிட்டது. ஆனால் யார் வாக்காளர் என்பதை மாநிலங்கள் தீர்மானித்தன. இரண்டாம் உலகப் போரில் சுமார் 44,000 பூர்வகுடிகள் படைகளில் இருந்தார்கள். அப்போது அவர்களுடைய மொத்த மக்கள்தொகையே நாலு லட்சத்துக்குள்தான். நியூ மெக்சிகோவிலும் அரிசோனாவிலும் வீடு திரும்பியவர்களுக்கு வரவேற்பு வளைவுகள் கிடைத்தன, பதக்கங்கள் கிடைத்தன. தேர்தல் அலுவலகக் கவுண்டரில் மட்டும் இடம் கிடைக்கவில்லை.

சாந்தா ஃபேயின் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு முன்னால் கிட் கார்சன் என்ற படைத்தலைவருக்கு எழுப்பிய கல்தூண் ஒன்று நெடுங்காலம் நின்றது. 2023 ஆகஸ்டில் அதன் மேல்பாதியை யாரோ இழுத்துச் சாய்த்துவிட்டார்கள். கார்சன் நவஹோக்களுக்குச் செய்ததை மேற்கே போகப் போக ஒவ்வொருவரும் எனக்குச் சொன்னார்கள்.

இஸ்லெட்டா

அல்புகர்க்கியிலிருந்து தெற்கே இருபது கிலோமீட்டர். ரியோ கிராண்டே ஆற்றங்கரையின் காட்டன்வுட் மரங்கள் மஞ்சளுக்கு மாறிக்கொண்டிருந்தன. ஊர் நடுவில் வெள்ளைச் சுவர்களோடு செயின்ட் அகஸ்டின் தேவாலயம். அதைச் சுற்றி மண் வீடுகள், வாசல்களில் வட்டக் கூரையிட்ட மண் அடுப்புகள். அனுமதியில்லாமல் படம் எடுக்கக் கூடாதென்பதால் கேமராவை வண்டியிலேயே வைத்துவிட்டுப் போனேன். கண்ணால் மட்டும் பார்க்க நேர்ந்தது நல்லதாயிற்று.

ஒரு வீட்டு வாசலில் ரொட்டி விற்ற அம்மாள், ஓய்வு பெற்ற ஆசிரியை. ஜூனிப்பர் விறகை அடுப்புக்குள்ளேயே எரித்து, கனலை வாரி வெளியே தள்ளி, ஈரத் துடைப்பத்தால் தரையைத் துடைத்து, சூடு அடங்கும் முன் மாவு உருண்டைகளை உள்ளே அடுக்குவார்களாம். சுட்ட ரொட்டியைப் பிய்த்து மிளகாய்க் குழம்பில் தோய்த்துக் கொடுத்தார். மிகேல் ட்ருஹியோ என்ற பெயரைச் சொன்னதும், "அவரும் வாத்தியார்தான்," என்று தன் தொழிலின் பெருமையோடு தொடங்கினார்.

ட்ருஹியோ 1904ல் இந்த ஊரில் பிறந்தவர். பூர்வகுடிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர். போர்க்காலத்தில் மரைன் படையில் சார்ஜென்ட். போர் முடிந்து பள்ளிக்குத் திரும்பி, மேற்படிப்பும் படித்துக்கொண்டிருந்தார். 1948 ஜூனில் பக்கத்து ஊரான லாஸ் லூனாஸுக்குப் போய் வாக்காளராகப் பதிவு செய்யக் கேட்டார். மாவட்ட எழுத்தர் எலோய் கார்லி மறுத்துவிட்டார். வரி விதிக்கப்படாத இந்தியர்களுக்கு, அதாவது பூர்வகுடிகளுக்கு, வாக்கு இல்லை என்று மாநில அரசியல் சட்டம் சொல்லியிருந்தது. ட்ருஹியோ வருமான வரி கட்டினார், விற்பனை வரி கட்டினார், பெட்ரோலுக்கு வரி கட்டினார். புவெப்ளோ நிலத்துக்கு மட்டும் நிலவரி கிடையாது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அவரைத் திருப்பி அனுப்பினார்கள்.

வழக்கு மூன்று நீதிபதிகள் முன் சாந்தா ஃபேயில் நடந்தது. பூர்வகுடிகளின் சட்டத்தை அமெரிக்காவில் முறையாகத் தொகுத்து எழுதிய ஃபெலிக்ஸ் கோஹன் அவருக்குத் துணை நின்றார். ஆகஸ்ட் 3ஆம் தேதி தீர்ப்பு ட்ருஹியோவின் பக்கம் வந்தது. போர்க்காலத்தில் இந்த மக்கள் நாட்டின் அழைப்புக்கு வந்து நின்றதை நீதிபதி ஓரி பிலிப்ஸ் குறிப்பிட்டார். ஆனால் தீர்ப்பை அதன்மேல் கட்டவில்லை. வெள்ளையரோ கறுப்பரோ வரி கட்டாவிட்டாலும் இந்த மாநிலத்தில் வாக்களிக்கலாம். இந்தியருக்கு மட்டும் அந்தச் சோதனை என்றால் அது இனத்தின் பெயரால் செய்யும் பாகுபாடு. அந்தக் காரணமே போதும் என்றது நீதிமன்றம்.

எனக்கு மிக முக்கியமாகப் படும் இடம் இது. படைவீரனுக்குப் பரிசாக வாக்கு கொடுக்கும் வழக்கம் உலகில் புதிதல்ல. முதல் உலகப் போரில் போரிட்டு நற்சான்றோடு விடுபட்ட பூர்வகுடிகள் விண்ணப்பித்தால் குடியுரிமை தரலாம் என்று அமெரிக்கா 1919ல் சட்டம் போட்டது. ஏறக்குறைய அதே காலத்தில் பிரிட்டிஷ் இந்தியாவிலும் மாண்டேகு-செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தத்தோடு முன்னாள் சிப்பாய்களுக்கு வாக்கு வந்தது. 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சென்னை மாகாணத்தில் பென்ஷன் வாங்கும் சிப்பாய்க்கு வாக்கு உண்டு. சிப்பாயின் பென்ஷன் பெறும் விதவைக்கும் தாய்க்கும்கூட உண்டு. பக்கத்து வயலில் கூலிக்கு நாற்று நட்டவளுக்கு இல்லை. ராஜவிசுவாசத்துக்குக் கொடுத்த சன்மானம் அது. எங்கள் பட்டாளத்து ஊர்கள் அதனால் பலன் பெற்றிருக்கலாம். இருந்தும் அந்த ஏற்பாட்டை என்னால் கொண்டாட முடியவில்லை. ட்ருஹியோ சீருடை போட்டவராக இருந்தும் சன்மானம் கேட்கவில்லை. தனக்குக் கேட்டதை ஆடு மேய்க்கும் பாட்டிக்கும் கிடைக்கும்படி கேட்டார்.

ஊர் அவரைத் தோளில் தூக்கிக்கொள்ளவில்லை என்பதையும் அந்த அம்மாள் மறைக்கவில்லை. "என் அப்பா கடைசிவரை வாக்குப் போட்டதில்லை. வாக்கைக் கொடுத்துவிட்டு நிலத்தை வாங்கிக்கொள்வார்கள் என்று பயந்தார்." புவெப்ளோக்களில் பலருக்கு அந்த அச்சம் இருந்தது. வாக்காளரானால் நிலவரி வரும், வரியைத் தொடர்ந்து ஜப்தி வரும், ஆற்று நீரின்மேல் உள்ள உரிமையும் போகும் என்று நினைத்தார்கள். நிலத்தை ஒருமுறை இழந்தவர்களின் பயத்தை அறியாமை என்று தள்ள முடியாது. நிலவரி வரவில்லை. ட்ருஹியோ 1989ல் இறந்தார். அவர் மகன் மைக்கேல் மருத்துவராகி, பூர்வகுடிகளுக்கான கூட்டாட்சி சுகாதாரத் துறைக்கே இயக்குநர் ஆனார்.

"நீ என்ன வேலை பார்க்கிறாய், வாக்குப் போட்டாயா என்று பிள்ளைகளை இப்போதும் கேட்பேன்," என்று சிரித்தபடி இன்னொரு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றினார். அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

லகூனா, கேலப்

மேற்கே போகும் நெடுஞ்சாலையில், குன்றின்மேல் வெள்ளைத் தேவாலயத்தோடு லகூனா புவெப்ளோ தெரியும். இந்தச் சமூகத்தைச் சேர்ந்த டெப் ஹாலண்ட் 2018ல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். அந்த ஆண்டு தேர்வான அவரும் கான்சாஸின் ஷாரிஸ் டேவிட்ஸும்தான் அந்த அவையில் அமர்ந்த முதல் பூர்வகுடிப் பெண்கள். ஹாலண்டின் தந்தை வியட்நாமில் வெள்ளி நட்சத்திரப் பதக்கம் பெற்ற மரைன், தாய் கடற்படையில் இருந்தவர். 2021ல் ஹாலண்ட் உள்துறை அமைச்சரானார். அமெரிக்காவில் அந்தத் துறை நிலத்தையும் பூர்வகுடி விவகாரங்களையும் கவனிப்பது. ட்ருஹியோ கவுண்டரில் நின்ற நாளிலிருந்து அதற்கு எழுபத்துமூன்று ஆண்டுகள் ஆகின.

கேலப் ரயிலடியை ஒட்டி வளர்ந்த ஊர். சரக்கு ரயில்கள் ஊரின் நடுவே அரை மணிக்கொன்றாக ஊளையிட்டுப் போகின்றன. சனிக்கிழமைச் சந்தையில் ஆட்டிறைச்சி ஸ்டூவும் வறுத்த ரொட்டியும் சாப்பிட்டேன். மைதாவைப் பிசைந்து கையாலேயே தட்டிக் கொழுப்பில் போட்டதும் அது நம் பூரியைப் போல உப்பிக்கொள்கிறது, கனம் மட்டும் மூன்று மடங்கு. அதைப் பொரித்துக் கொடுத்த நவஹோப் பெண், "இது சிறையில் கற்ற சமையல்," என்றார். 1863-64ல் கிட் கார்சனின் படை நவஹோக்களின் சோளக்கொல்லைகளை எரித்து, பீச் மரங்களை வெட்டி, பசியால் அவர்களைச் சரணடைய வைத்தது. எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கிழக்கே பெக்கோஸ் ஆற்றங்கரையின் பொஸ்கே ரெடோண்டோவுக்கு நடத்திப் போனார்கள். நானூறு, ஐந்நூறு கிலோமீட்டர் நடை. அங்கே ரேஷனில் கிடைத்த மாவிலும் கொழுப்பிலும் பிறந்தது இந்த ரொட்டி. 1868 ஜூன் 1ஆம் தேதி உடன்படிக்கை கையெழுத்தானபின் அவர்களைத் தங்கள் நிலத்துக்கே திரும்ப விட்டார்கள்.

விண்டோ ராக்

நடுவில் வட்டமாக ஓட்டை விழுந்த மாபெரும் செம்மணற்கல் பாறை, அதன் வழியே வானம். அந்தப் பாறைக்குக் கீழே நவஹோ தேசத்தின் தலைமையகம் இருக்கிறது. எழுபதாயிரம் சதுர கிலோமீட்டர் பரப்பு, 110 ஊர்ப் பிரிவுகள், 24 பேர் கொண்ட அவை. அவைக் கட்டிடத்தை அவர்களின் மரபு வீடான ஹோகனின் எண்கோண வடிவில் கட்டியிருக்கிறார்கள்.

பாறையடியில் படைவீரர் நினைவுப் பூங்கா. சாய்ந்து நிற்கும் எஃகுத் தூண்களில் பெயர்கள். அருகே, முழங்காலிட்டு வானொலிக் கருவியோடு ஒரு வீரனின் வெண்கலச் சிலை. 1942ல் மரைன் படை முதலில் 29 நவஹோ இளைஞர்களைச் சேர்த்து, அவர்கள் மொழியிலேயே ஒரு ரகசியக் குறியீட்டை உருவாக்கச் சொன்னது. பின்னால் அவர்கள் நானூறு பேர்வரை ஆனார்கள். ஜப்பானியரால் கடைசிவரை அதை உடைக்க முடியவில்லை. 1968 வரை அது ராணுவ ரகசியமாகவே இருந்தது. முதல் 29 பேருக்கும் நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம் 2001ல்தான் வந்தது. இந்த இளைஞர்களில் பலர் விடுதிப் பள்ளிகளில் நவஹோ பேசியதற்காகத் தண்டனை பெற்றவர்கள். மொழிக்காகத் தெருவில் இறங்கிய மாநிலத்திலிருந்து வந்த எனக்கு, அந்தச் சிலையின் முன்னால் நெஞ்சு அடைத்தது.

பூங்காவில் தூண்களைச் சுற்றிச் சருகு கூட்டிக்கொண்டிருந்த ஒருவர், வளைகுடாப் போரில் இருந்தவர், என் கேள்விகளுக்காகத் துடைப்பத்தைச் சாய்த்து வைத்தார். "வாக்கு 1948ல் வந்ததென்று புத்தகத்தில் இருக்கும். எங்கள் பாட்டிக்கு வரவில்லை," என்றார். இந்த ஊர் இருக்கும் அரிசோனாவில் வாக்காளராக, அமெரிக்க அரசியல் சட்டத்தை ஆங்கிலத்தில் வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. குறியீட்டு வீரர்களுக்கு ஆங்கிலம் தெரியும், பதிந்துகொண்டார்கள். அவர்களைப் பெற்ற தாய்மார்களுக்குத் தெரியாது. எந்த மொழி போரில் நாட்டைக் காத்ததோ அந்த மொழி மட்டும் தெரிந்தவர் வாக்களிக்கத் தகுதியற்றவர். 1970ல் நாடாளுமன்றம் எழுத்தறிவுச் சோதனைகளை நாடு முழுதும் நிறுத்தியது. அரிசோனா அரசு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போய்த் தோற்றது. 1975ல் வந்த திருத்தத்தால்தான் நவஹோ மொழியில் வாய்மொழியாக வாக்குச்சீட்டை விளக்கிச் சொல்வது கட்டாயமானது.

வாக்கு வந்த பிறகு பிரதிநிதி வர வேண்டும். அந்தக் கதை இன்னும் கடுமையானது. இந்த ஊர் இருக்கும் அப்பாச்சி மாவட்டத்தின் நிர்வாகக் குழுவுக்கு 1972ல் டாம் ஷர்லி என்ற நவஹோ தேர்வானார். பூர்வகுடிகளுக்கான ஒதுக்கீட்டு நிலத்தில் வாழ்பவர், நிலவரி கட்டாதவர், அவர் பதவியேற்கக் கூடாது என்று வழக்குப் போட்டார்கள். 1973ல் மாநில உச்ச நீதிமன்றம் ஷர்லியின் பக்கம் நின்றது. இன்னொரு ஏற்பாடும் இருந்தது. மாவட்டத்தின் மூன்று தொகுதிகளில் ஒன்றில் 1,700 பேர், ஒன்றில் 3,900 பேர். மூன்றாவதில் 26,700 பேர், அவர்களில் 23,600 பேர் பூர்வகுடிகள். மூன்றுக்கும் ஆளுக்கொரு உறுப்பினர். 1975ல் நீதிமன்றம் அந்த எல்லைக்கோட்டை அழித்தது. வாக்கை மறுக்காமலேயே அதன் எடையைக் குறைக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு எனக்குத் தெரியாது.

நம் நாட்டில் பழங்குடிகளுக்கென்று தொகுதிகளை ஒதுக்கி வைத்திருக்கிறோம். தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் ஏற்காடும் சேந்தமங்கலமும் அப்படிப்பட்டவை. அதைச் சொன்னபோது துடைப்பக்காரர் வியந்தார். "சட்டத்திலேயே இடம் எழுதியிருக்கிறதா?" என்று இரண்டு முறை கேட்டார். இங்கே அப்படி எதுவும் இல்லை. எல்லைக்கோட்டுக்காக ஒவ்வொரு பத்தாண்டும் வழக்காட வேண்டியிருக்கிறது.

தூண்களில் பெண்களின் பெயர்களும் உண்டு. அதைப் பார்த்ததும் நம் சட்டத்தின் ஒரு குறை நினைவுக்கு வந்தது. படையில் இருக்கும் ஆணின் மனைவி அவரோடு சேவை வாக்காளராகப் பதியலாம், படையில் இருக்கும் பெண்ணின் கணவர் பதிய முடியாது என்றே நெடுங்காலம் நம் விதி இருந்தது. அதை 2021 டிசம்பரில்தான் திருத்தினோம். எல்லையில் நிற்பவருக்கு மின்னணு வழியாக வாக்குச்சீட்டு அனுப்பும் முறை முதலில் சோதிக்கப்பட்டது புதுச்சேரியின் நெல்லித்தோப்பு இடைத்தேர்தலில், 2016ல். பணியில் இருப்பவருக்கும் வாக்கு தானாக வந்து சேர்வதில்லை.

கயெண்டா

வடக்கே போகப் போக நிலம் வெறுமையாகிச் சிவக்கிறது. தனித்து நிற்கும் செங்குத்துப் பாறைகள், அவற்றின் நிழல் மைல் கணக்கில் நீள்கிறது. சாலையிலிருந்து பிரியும் மண்தடத்தின் கடைசியில் ஒரு வீடு, ஒரு ஆட்டுப்பட்டி, ஒரு தண்ணீர்த் தொட்டி. அடுத்த வீடு கண்ணுக்கே தெரியாது. நம் ஊரில் வீட்டுக்கு வீடு சுவர் பொதுவாக இருக்கும். இந்த இடைவெளியில் நின்றால் காது முதலில் தடுமாறுகிறது.

இந்த வீடுகளுக்குத் தெருப் பெயரும் கதவிலக்கமும் கிடையாது. கடிதம் வீட்டுக்கு வராது. தபால் நிலையத்தில் பெட்டி வாடகைக்கு எடுத்து, நாற்பது ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிப் போய் எடுத்துவர வேண்டும். வாக்காளர் படிவத்தில் முகவரிக்குப் பதிலாக வரைபடம் போடக் கட்டம் விட்டிருக்கிறார்கள். சாலை இது, மலை இது, என் வீடு இந்தப் புள்ளி என்று வரைந்து காட்டுகிறார்கள். தேர்தல் நேரத்தில் ஊர்ப் பிரிவு அலுவலகத்தில் உதவும் ஒரு பெண்மணி, பழைய படிவத்தின் நகலை எடுத்துக் காட்டினார். நடுங்கிய கையால் வரைந்த காற்றாலை, அதற்குக் கிழக்கே ஒரு பெருக்கல் குறி. "அதுதான் அவர் வீடு. கொரியப் போருக்குப் போனவர்," என்றார்.

அரிசோனாவில் பெரும்பாலோர் தபாலில் வாக்களிக்கிறார்கள். முன்பு ஒரு வண்டிக்காரர் பல வீடுகளின் உறைகளை வாங்கிக்கொண்டு போய்ச் சேர்த்துவிடுவார். குடும்பத்தார், உடன் வசிப்பவர், பராமரிப்பவர் தவிர வேறு யாரும் பிறர் உறையைச் சுமப்பது குற்றம் என்று 2016ல் சட்டம் வந்தது. 2021ல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. மோசடியைத் தடுக்க என்று காரணம் சொன்னார்கள். வாசலில் தபால்காரர் வரும் ஊரில் இருந்துகொண்டு எழுதிய சட்டம் என்றே எனக்குத் தோன்றுகிறது. "எட்டுப் பேரை என் வண்டியில் ஏற்றிப் போகலாம், எட்டு உறையை ஏற்றக் கூடாது," என்றார் அந்தப் பெண்மணி.

எல்லைக்கு அப்பால் யூட்டா. அங்கே ஒதுக்கீட்டு நிலத்தில் வாழ்பவர் மாநிலவாசியே அல்ல என்ற விதி 1957 வரை இருந்தது. அந்த மாநிலத்தின் சான் ஹுவான் மாவட்டத்தில் நீதிமன்றம் எல்லைகளை மாற்றி வரைந்தபின், 2018 தேர்தலில்தான் மூவர் கொண்ட நிர்வாகக் குழுவுக்கு இரண்டு நவஹோக்கள் தேர்வாகிப் பெரும்பான்மை ஆனார்கள். 2020ல் கயெண்டாவில் இளைஞர்கள் குதிரையேறிப் பதினாறு கிலோமீட்டர் போய் வாக்களித்தார்கள். அவர்களின் முன்னோர் அப்படித்தான் வாக்குச்சாவடிக்குப் போனார்கள்.

நம் தேர்தல் ஆணையத்தின் விதிகள் அப்போது எனக்கு வேறு விதமாகத் தெரிந்தன. எந்த வாக்காளரும் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடக்கக் கூடாது என்பது நம் கணக்கு. தர்மபுரி மாவட்டத்துக் கோட்டூர் மலைக்குச் சாலை இல்லாத நாளில் வாக்கு இயந்திரம் கழுதை முதுகில் ஏறியது. நம் தேர்தலில் பணமும் சாதியும் செய்யும் கேடுகளை நான் அறிவேன். ஆனால் அரசு வாக்காளரைத் தேடி மலையேற வேண்டும் என்ற அந்த ஒரு கொள்கையில் நாம் சரியாக இருக்கிறோம். அதைச் சொன்னபோது அந்தப் பெண்மணி கழுதையின் படம் இருக்கிறதா என்று கேட்டார். கைபேசியில் தேடிக் காட்டினேன். அலுவலகத்தில் இருந்த எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

ஃபோர்ட் மெக்டவல்

மேட்டு நிலத்திலிருந்து தெற்கே இறங்கினால் காற்று சூடாகிறது, கைகளை உயர்த்திய சகுவாரோ கள்ளிகள் தொடங்குகின்றன. ஃபீனிக்ஸ் நகரின் வடகிழக்கு விளிம்பில், வெர்டே ஆற்றின் கரையில் யாவபாய் மக்களின் சிறிய நிலம். ஊர் முதலில் ராணுவக் கோட்டையாக இருந்தது. பெயரில் அது மிச்சம்.

1948ன் இன்னொரு தீர்ப்பு இவர்களுடையது. போரிலிருந்து திரும்பிய ஃபிராங்க் ஹாரிசனும், சமூகத் தலைவர் ஹாரி ஆஸ்டினும் 1947 நவம்பரில் பதிவு செய்யப் போனார்கள். மாவட்டப் பதிவாளர் ரோஜர் லவீன் மறுத்தார். காப்பாளரின் கீழ் உள்ளவர்களுக்கு வாக்கு இல்லை என்று மாநிலச் சட்டம் சொன்னது. சிறுவர்களையும் சித்தம் கலங்கியவர்களையும் மனதில் வைத்து எழுதிய வரி அது. பூர்வகுடிகளுக்குக் கூட்டாட்சி அரசே காப்பாளர் என்று 1928ல் மாநில உச்ச நீதிமன்றம் விளக்கம் சொல்லியிருந்தது. துப்பாக்கி கொடுத்து அனுப்பும்போது ஹாரிசன் பெரியவர், திரும்பி வந்து கவுண்டரில் நின்றால் சிறுவர். 1948 ஜூலை 15ல் நீதிபதி லீவை யூடால் எழுதிய தீர்ப்பு அந்த விளக்கத்தைத் தூக்கி எறிந்தது. ஒரு மக்களினத்தையே நீதிமன்ற உத்தரவில்லாமல் காப்பாளருக்குக் கீழ்ப்பட்டவர்கள் என்று சொல்ல முடியாது என்றது.

இங்குள்ள கல்லறையில் கார்லோஸ் மாண்டெசூமா கிடக்கிறார். யாவபாய்க் குழந்தையாகப் பிடிபட்டு விற்கப்பட்டு, வளர்ந்து மருத்துவராகி, தம் மக்களின் குடியுரிமைக்காக வாழ்நாள் முழுதும் எழுதியவர். 1923 ஜனவரியில் இந்த ஊருக்கே வந்து இறந்தார். குடியுரிமைச் சட்டம் அடுத்த ஆண்டு வந்தது.

ஆற்றங்கரையில் குதிரை குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர்கள் வழக்கைவிட அணையைப் பற்றியே அதிகம் பேசினார்கள். ஆர்மி அணை என்றார்களோ என்று முதலில் கேட்டுவிட்டு, ஓர்ம் அணை என்று புரிந்துகொண்டேன். இந்த நிலத்தை மூழ்கடிக்க இருந்த திட்டம் அது. 1981ல் முதியவர்கள் ஃபீனிக்ஸ் சட்டமன்றம்வரை மூன்று நாள் நடந்து போனார்கள். அந்த நவம்பரிலேயே திட்டம் கைவிடப்பட்டது. ஆண்டுதோறும் விழா எடுக்கிறார்கள்.

சேக்கட்டோன்

ஃபீனிக்ஸுக்குத் தெற்கே, ஹீலா ஆற்றுச் சமூகத்தின் ஊர் இது. ஆறு என்பது பெரும்பாலும் மணல்தான். ஆற்றின் மேல்பகுதியில் குடியேறியவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் தண்ணீரைத் திருப்பிக்கொண்டதும், பல நூற்றாண்டுகள் வாய்க்கால் வெட்டி விவசாயம் செய்த அகிமெல் ஓதம் மக்கள் பட்டினிக்கு விழுந்தார்கள். 2004ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தண்ணீர் உடன்பாட்டுக்குப் பிறகு வயல்கள் திரும்பிக்கொண்டிருக்கின்றன. காவிரிக்காரர்களோடு பேசிப் பழகியவர்களுக்கு இந்த ஊரின் பேச்சு உடனே புரியும்.

படைவீரர் நினைவுப் பூங்காவுக்கு இரண்டு பெயர்கள். மாத்யூ ஹுவான் 1918 மே மாதம் பிரான்சின் கான்டின்யீயில் இறந்தார். முதல் உலகப் போரில் உயிரிழந்த முதல் அரிசோனா வீரர். ஐரா ஹேய்ஸ் 1945 பிப்ரவரி 23ல் இவோ ஜிமாவின் சுரிபாச்சி மலையில் கொடியேற்றிய அறுவரில் ஒருவர். அந்தப் புகைப்படம் அஞ்சல்தலையானது, வெண்கலமாகி வாஷிங்டனுக்கு எதிரே ஆர்லிங்டனில் நிற்கிறது. கொடியேற்றியபோதும், அதன்பின் ஊர் ஊராகப் போர்ப் பத்திரம் விற்க அவரை அழைத்துப் போனபோதும், சொந்த மாநிலத்தில் அவருக்கு வாக்கில்லை. 1955 ஜனவரியில் 32 வயதில் இறந்தார். அவர் குடியைப் பற்றிப் பாட்டும் படமும் நிறைய வந்திருக்கின்றன. வாக்கில்லாமல் இருந்ததை அவற்றைவிட அதிகமாகச் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

1928ல் தோற்ற வழக்கைப் போட்டவர்களும் இந்தச் சமூகத்தவர்தான், பீட்டர் போர்ட்டரும் ருடால்ஃப் ஜான்சனும். இருபது ஆண்டு கழித்து யாவபாய்கள் வென்றபோது அந்த வெற்றியில் இவர்களின் தோல்வியும் இருந்தது. பூங்காவில் அந்தப் பெயர்களைத் தேடினேன், என் கண்ணில் படவில்லை.

மதிய உணவுக்குப் பழுப்பு டெப்பரி அவரை. மொச்சையைவிடச் சிறியது, கல்லைப் போல் காய்ந்தது, இரவெல்லாம் ஊறி அரை நாள் கொதித்தபின் மண் வாசனையோடு கரைகிறது. கொஞ்சம் மழையே போதும் என்று பாலையில் வளரும் பயிர். எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவர் வியட்நாமில் இருந்தவர், இப்போது படைவீரர் சங்க வேலைகளைப் பார்க்கிறார். அவருடைய பாட்டி முதல்முறை வாக்களித்தது 1972ல். தந்தை அதற்கு முன்பே பதிந்திருந்தார், பள்ளியில் ஆங்கிலம் படித்ததால். தேர்தலன்று இந்தப் படைவீரர் காலை ஆறு மணிக்கு வாக்குச்சாவடி திறக்கும் முன்பே வேனை எடுத்துவிடுவார். மேற்குக் கிராமங்களிலிருந்து முதியவர்களைக் கூட்டி வந்து, வரிசையில் நிற்கவைத்து, திரும்பக் கொண்டுபோய் விடுவார்.

பிப்ரவரியில் இங்கே நடக்கும் இவோ ஜிமா நினைவு அணிவகுப்புக்கு வேட்பாளர்கள் வருவார்களா என்று கேட்டேன்.

"எல்லாரும் வருவார்கள். எங்கள் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொள்வார்கள். நான் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேட்பேன்: எங்கள் கிராமத்து வாக்குச்சாவடி அடுத்த முறையும் இருக்குமா? என்ன சொன்னாலும் அவர்கள் முன்னாலேயே ஒரு நோட்டில் எழுதிக்கொள்வேன்." தட்டில் இருந்ததை ரொட்டியால் துடைத்து முடித்துவிட்டுச் சொன்னார், "நவம்பரில் வேனில் போகும்போது அந்த நோட்டை எல்லாருக்கும் வாசித்துக் காட்டுவேன். ஓதம் மொழியில்."